காத்திருக்கும் நாட்களின் செலவு: மார்பகப் புற்றுநோயும் மலைநாட்டுக் குடும்பங்களும்

(கெலிஓயாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பனிடப்பட்டது.)



மார்பகப் புற்றுநோய் பற்றிய கூட்டம் என்றால் வைத்தியர் ஒருவர் வந்து, கட்டியை எப்படித் தடவிப் பார்ப்பது, எப்போது கிளினிக்குக்குப் போவது என்று விளக்குவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என் துறை பொருளாதாரம். அதனால் நோயின் கூறுகளை விட்டுவிட்டு, அந்த நோய்க்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இது. வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை பெண்களைத் தாக்குவதில்லை. நான் நிறுவ முயல்வது இதுதான். நம் நாட்டில் இந்நோயின் மிகப் பெரிய செலவு தாமதத்தால் வருகிறது. அதைப் பெரும்பாலும் குடும்பமே சுமக்கிறது, அரசின் கணக்கேட்டில் அது பதிவாவதில்லை. ஆகவே புற்றுநோய்க்கென்று அரசு கூடுதலாகச் செலவிடும் முதல் ரூபா, கட்டி கண்ட நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையிலுள்ள காலத்தைக் குறைக்கவே போக வேண்டும்.

1. பில் வராத சிகிச்சைக்கும் பணம் போகிறது

கண்டி தேசிய வைத்தியசாலையில் சேரும் ஒரு பெண்ணிடம் சத்திரசிகிச்சைக்கோ கீமோவுக்கோ கதிர்வீச்சுக்கோ யாரும் பணம் கேட்பதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் காத்துவரும் ஏற்பாடு இது. இதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனாலும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்ட பங்கை மக்கள் தம் கையிலிருந்தே கொடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குகள் காட்டுகின்றன. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? வைத்தியசாலைக் கதவுக்கு உள்ளே நடப்பது ஒரு கணக்கு, வெளியே நடப்பது வேறொரு கணக்கு. ஸ்கேன் எடுக்க ஆறு வாரம் ஆகும் என்றால் தனியாரிடம் எடுப்பது, மருந்து இருப்பில் இல்லை என்று துண்டு எழுதிக் கொடுத்தால் பாமசியில் வாங்குவது, கீமோ ஏற்றிய உடம்போடு பஸ்ஸில் நின்று வர முடியாது என்று வான் பிடிப்பது, கூட வருபவரின் சாப்பாடு, அவர் இழக்கும் நாட்கூலி, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க வருபவருக்குக் கொடுப்பது எல்லாம் வெளியே நடப்பவை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மார்பகச் சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று வாரத்தில் 15 நாள் கதிர்வீச்சு என்பது இன்று பரவலாக உள்ள முறை. புஸ்ஸல்லாவையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ ஒரு பெண் அதற்காகக் கண்டிக்கு வருகிறார், துணைக்குக் கணவரோ மகளோ வருகிறார். இருவரும் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் என்றால் அந்த விகிதத்தில் 15 நாளில் இழக்கும் கூலி மட்டும் 40,500 ரூபா. மாதம் 25 நாள் தவறாமல் வேலைக்குப் போகும் ஒருவரின் முழுச் சம்பளமே 33,750 ரூபாதான். பஸ் கட்டணமும் சாப்பாடும் இதில் சேரவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் கீமோவும், அதற்கு முந்திய இரத்தப் பரிசோதனையும், வருடக் கணக்கில் தொடரும் கிளினிக்கும் சேரவில்லை. இலவசக் கதிர்வீச்சு ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவு வைக்கிறது என்று சொன்னால் சுகாதார அமைச்சின் கணக்காளர் நம்பமாட்டார். அவருடைய பேரேட்டில் அந்தத் தொகைக்கு இடம் இல்லை.

தென்கிழக்காசியாவின் எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்களில் காட்டியது. நோய் கண்டு ஓராண்டு முடிவதற்குள் அவர்களில் நூற்றுக்கு 29 பேர் இறந்துவிட்டார்கள். 48 பேரின் குடும்பங்கள் நிதிப் பேரழிவைச் சந்தித்தன. குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 30 வீதத்துக்கு மேல் நோய்க்குப் போவதே அங்கே பேரழிவு என்று கொள்ளப்பட்டது. உயிரோடும் நிதிப் பேரழிவில்லாமலும் ஓராண்டைக் கடந்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. வரிப்பணத்தில் அரச வைத்தியம் நடத்தும் மலேசியாவும் அந்த எட்டில் ஒன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பகுதி எந்த ஆய்விலும் சரியாகப் பிடிபடுவதில்லை. இலங்கையில் வேலைக்குப் போகும் பெண்கள், அல்லது வேலை தேடும் பெண்கள், வயது வந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நோயால் இழந்த உழைப்பைச் சம்பளத்தால் அளக்கும் முறையில் மீதி இரண்டு பங்குப் பெண்களின் உழைப்புக்கு மதிப்பு பூச்சியம். சமையல், தண்ணீர், பிள்ளைகளின் படிப்பு, படுத்திருக்கும் மாமியாரின் பராமரிப்பு என்று அவர்கள் செய்வதெல்லாம் அவர்கள் படுக்கும்போதுதான் செலவாகத் தெரிகிறது. அப்போதும் அது பெரும்பாலும் பணமாகத் தெரிவதில்லை. மூத்த மகளின் பாடசாலை வரவில் தெரிகிறது. இந்த அளவுமுறையை வைத்துக்கொண்டு மார்பகப் புற்றுநோயின் பொருளாதார இழப்பு குறைவு என்று முடிவு கட்டுபவர்கள், பெண்ணின் வேலைக்கு முதலில் விலை போடாமல் விட்டுவிட்டுப் பின்னர் இழப்பில்லை என்கிறார்கள்.

2. நாட்களுக்குத்தான் விலை

தாமதம் எவ்வளவு கெடுதல் என்பதை அளந்திருக்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த கட்டுரை ஒன்று, மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 8 வீதம் கூடுகிறது என்று கண்டது. நான்கு வாரம் என்பது நம் கிளினிக் அட்டையில் அடுத்த திகதி எழுதும்போது யாரும் கவனிக்காத இடைவெளி. 2023இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த சட்டகம் மூன்று இலக்குகளைச் சொல்கிறது: நோயாளரில் 60 வீதத்துக்கு மேற்பட்டோரை ஒன்றாம், இரண்டாம் கட்டத்திலேயே கண்டறிவது, முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்வது, 80 வீதத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சையை முழுவதும் முடிப்பது. மூன்றிலும் விலை உயர்ந்த மருந்தின் பெயர் எதுவும் இல்லை.

நம் பக்கத்தில் இந்த 60 நாள் எப்படிக் கழிகிறது என்று படிப்படியாகப் பாருங்கள். 1996இல் தொடங்கிய சுகநல மகளிர் கிளினிக்கில், 35 வயதை அடைந்த பெண்ணுக்கு இரத்த அழுத்தம், சீனி, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை ஆகியவற்றோடு மார்பகப் பரிசோதனையும் நடக்கிறது. குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து இதற்கு அழைக்கிறார். கிளினிக்கில் கட்டி தெரிந்தால் கம்பளைக்கோ பேராதனைக்கோ கடிதம் கிடைக்கும். அங்கிருந்து சத்திரசிகிச்சைக் கிளினிக், பிறகு ஸ்கேன் அல்லது மெமோகிராம், பிறகு ஊசியால் திசு எடுக்கும் பயாப்சி, பிறகு நோயியல் அறிக்கை, அது புற்றுநோய் என்றால் ஹோர்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2 என்ற புரதத்தையும் பார்க்கும் மேலதிகப் பரிசோதனை, கடைசியில் புற்றுநோய்ப் பிரிவு. ஒவ்வொன்றும் வேறொரு நாள், வேறொரு வரிசை. எந்தப் படியும் தனியாகப் பார்த்தால் பெரிய தாமதமாகத் தெரியாது. யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. எல்லோரும் தத்தம் வேலையைச் செய்கிறார்கள். கூட்டிப் பார்க்கும்போதுதான் மாதங்கள் போயிருப்பது தெரிகிறது.

இந்த இடத்தில்தான் பணம் நுழைகிறது. சேனலிங் பண்ணிப் பார்ப்பவர் மேலான வைத்தியரை வாங்கவில்லை. பெரும்பாலும் காலையில் அரச வைத்தியசாலையில் இருந்த அதே நிபுணர்தான் மாலையில் தனியார் நிலையத்தில் இருக்கிறார். பயாப்சித் துண்டைத் தனியார் ஆய்வுகூடத்தில் கொடுப்பவர் வேறுவகை அறிக்கையை வாங்கவில்லை. இருவரும் வாங்குவது நாட்களை. அரச வைத்தியம் பணத்தைக் கேட்காமல் காலத்தைக் கேட்கிறது; காலம் உயிரைத் தின்னும் நோயில் பணம் உள்ளவர் காலத்தை விலைக்கு வாங்கிவிடுகிறார், இல்லாதவர் கொடுத்துவிடுகிறார். சமத்துவத்துக்காகக் கட்டிய ஒரு முறைக்குள் சமமின்மை நுழையும் வாசல் இதுதான் என்பது என் கணிப்பு.

அரசுக்கும் இதில் ஆதாயம் இல்லை. சிறிய கட்டியாக இருக்கும்போது வரும் பெண்ணுக்குப் பல வேளை சத்திரசிகிச்சை, சில நாள் கதிர்வீச்சு, ஐந்து முதல் பத்து ஆண்டு தமொக்சிபன் மாத்திரை போதும். காப்புரிமை எப்போதோ முடிந்த அந்த மாத்திரை புற்றுநோய் மருந்துகளிலேயே மிக மலிவானவற்றில் ஒன்று. அதே பெண் கட்டி தோலைப் பிளந்த பின் வந்தால் பல சுற்றுக் கீமோ, விலையுயர்ந்த மருந்துகள், எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிய நோய்க்கு மீண்டும் மீண்டும் வாட்டு அனுமதி எல்லாம் தேவைப்படும். பலனும் குறைவு. 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் அமெரிக்காவில் நூற்றுக்கு 90, இந்தியாவில் 66. இந்த இடைவெளியில் புது மருந்துகளின் பங்கும் உண்டு. பெரும் பங்கு, எந்தக் கட்டத்தில் வந்தார்கள், தொடங்கிய சிகிச்சையை முடித்தார்களா என்பதற்கு.

அடுத்த தலைமுறையின் கணக்கையும் சேர்க்க வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020 என்ற ஒரே ஆண்டில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிள்ளைகள் உலகில் பத்து இலட்சத்துக்கு மேல். அவர்களில் பாதியளவினர் ஆசியப் பிள்ளைகள். நால்வரில் ஒருவரின் தாயைக் கொண்டுபோனது மார்பகப் புற்றுநோய்.

3. விலையுயர்ந்த மருந்தும் வெறுங்கஜானாவும்

2022 மார்ச் இறுதியில் இங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால் முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. செய்தியைக் கண்டு இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், எப்படி உதவலாம் என்று பார்க்கும்படி கொழும்பிலிருந்த தம் நாட்டு உயர்ஸ்தானிகரைப் பணித்தார். அடுத்த மாதம் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் 360 வரை ஏறியது. மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் இதற்கு நேரான பொருள், அதே ரூபாவில் ஏறத்தாழப் பாதி மருந்து என்பதுதான். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி, மருந்தைக் கம்பனிப் பெயரில் வாங்காமல் இனப்பெயரில் மொத்தமாக வாங்கிச் சேமித்துக் காட்டினார். அந்தக் கட்டுப்பாடு நம்மிடம் மிச்சமிருந்திருந்தால் அடி குறைவாக விழுந்திருக்கும்.

ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோயாளரில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு, ஹெர்-2 மிகுந்தவர்களுக்கு, இது உயிர் காக்கும் மருந்து. 2015 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. மூலத் தயாரிப்பின் உலகச் சராசரி விலை ஆண்டுக்கு 20,000 டொலர் அளவில் இருந்தது. தலைக்கு நாலாயிரம் டொலரை ஒட்டி வருமானமுள்ள நமக்கு அது ஐந்து பேரின் ஓராண்டு வருமானம். 2019 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் தரச்சான்று வழங்கிய, அதற்கு நிகரான முதல் மருந்தின் விலை அதைவிட 65 வீதம் குறைவு. அதோடு, பிரித்தானியாவில் 4,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெர்செபனி ஆய்வு, 12 மாதத்துக்குப் பதில் 6 மாதம் கொடுத்தாலும் நோயற்ற வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று கண்டது: நான்காண்டு முடிவில் 89.8 வீதமும் 89.4 வீதமும். பிரான்சில் நடந்த ஆய்வு அந்த முடிவை உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே யாருக்கு ஆறு மாதம் போதும் என்பதை வைத்தியர்களே தீர்மானிக்கட்டும். ஆனால் ஒருவருக்குப் பன்னிரண்டு மாதமும் வரிசையில் அடுத்தவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலையும் ஒரு தீர்மானம்தான். அது யாரும் கையெழுத்திடாத தீர்மானம்.

கதிர்வீச்சில் இதைவிடத் தெளிவான வழி இருக்கிறது. 2020இல் வெளியான பாஸ்ட்-போர்வர்ட் ஆய்வில், மூன்று வாரத்தில் 15 முறை கொடுத்த கதிர்வீச்சுக்கு ஈடாக ஒரே வாரத்தில் 5 முறை கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டுக்குப் பின் அதே மார்பில் நோய் திரும்பியவர்கள் முதல் முறையில் 2.1 வீதம், இரண்டாவதில் 1.4 வீதம். எல்லா நோயாளருக்கும் இது பொருந்தாது. பொருந்துபவர்களுக்கு நான் முன்னே சொன்ன 40,500 ரூபா 13,500 ஆகிறது. அதே இயந்திரத்தில் மூன்று மடங்குப் பெண்களுக்கு இடம் கிடைக்கிறது.

4. எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு, பெண்கள்தான் தாமதிக்கிறார்கள் என்பது. வெட்கம், பயம், நாட்டு வைத்தியம், கணவரின் அனுமதி என்று காரணங்களை அடுக்குவார்கள். இவை பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் நாட்கூலியில் வாழும் ஒருத்தி, வலிக்காத கட்டிக்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்கத் தயங்குவதை அறியாமை என்று எழுதுவது அறிவியல் ஆகாது. போனால் ஒரே நாளில் விடை கிடைக்காது, இன்னும் நாலு நாள் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கணக்குப் போட்டுத்தான் தயங்குகிறாள். அந்தக் கணக்கை மாற்றாமல் அவளை மாற்ற முடியாது.

இரண்டாவது, எல்லோருக்கும் மெமோகிராம் எடுத்தால் தீர்ந்தது என்பது. இயந்திரம், படத்தை வாசிக்கும் நிபுணர், மீண்டும் அழைத்துப் பார்க்கும் ஏற்பாடு என்று அதன் அடிச்செலவு பெரிது; ஐம்பதுக்குக் கீழான பெண்களில் அதன் பலனும் குறைவு. மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலை குடிசைப் பகுதிகளில் ஒன்றரை இலட்சம் பெண்களிடம் இருபதாண்டு நடத்தி 2021இல் முடிவை வெளியிட்ட ஆய்வு நமக்குக் கூடுதலாகப் பொருந்தும். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில் நோய் முன்கட்டத்திலேயே பிடிபட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களில் மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் குறைவு உறுதியாக நிறுவப்படவில்லை. இருந்தும், கைப் பரிசோதனை செய்யத் தெரிந்த பணியாளர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். இந்தப் பரிசோதனைக்காகப் புதிதாகக் கட்ட வேண்டியது எதுவுமில்லை.

மூன்றாவது மறுப்பைப் பலரும் மேடையில் சொல்வதில்லை, எனக்கு அதுவே வலுவானதாகத் தெரிகிறது. விழிப்புணர்வு கூடினால் கட்டியென்று வருபவர்கள் பெருகுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. வரிசை நீளும், உண்மையான நோயாளி பின்னே தள்ளப்படுவார். இது சரி. ஒவ்வோர் ஒக்டோபரும் இளஞ்சிவப்பு நாடா குத்திக்கொண்டு நடைபவனி போவதோடு நின்றால் இதுதான் நடக்கும். ஆகவே ஒழுங்கு தலைகீழாக வேண்டும்: முதலில் பயாப்சியும் நோயியல் ஆய்வுகூடமும், பிறகு பிரசாரம். கட்டியோடு வரும் பெண்ணை அன்றைக்கே பரிசோதித்து, ஸ்கேன் எடுத்து, திசுவும் எடுத்து அனுப்பும் ஒருநாள் கிளினிக் வாரத்தில் ஒருமுறை நடந்தாலும், புற்றுநோயில்லாத பெரும்பாலானவர்கள் அந்த வாரத்திலேயே வரிசையை விட்டு விலகிவிடுவார்கள். நாட்டில் நீரிழிவும் டெங்குவும் இருக்கும்போது இதற்கேன் முதலிடம் என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நோயியல் ஆய்வுகூடம் எல்லா நோய்க்கும் பொது.

5. கொடுப்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும்

இந்த நாட்டு மக்கள் புற்றுநோய்க்காகக் கொடுக்கத் தயங்கியவர்களல்லர். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. 2016இல் மறுபடி நடந்தது கராப்பிட்டிக்காக. அதே ஆண்டு கதீஜா அறக்கட்டளை மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க மக்களிடம் நிதி திரட்டியது. இனமும் மதமும் பாராமல் கொடுத்த அந்தக் கைகளை வணங்குகிறேன். ஆனால் நன்கொடை எப்போதும் கட்டடத்தையும் இயந்திரத்தையும் நோக்கியே போகிறது. அவற்றில் பெயர்ப்பலகை வைக்கலாம். பஸ் கட்டணத்திலும் பயாப்சி ஊசியிலும் பெயர் பொறிக்க இடமில்லை. ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகமோ கோயில் பரிபாலன சபையோ கதிர்வீச்சு நாட்களுக்கு ஒரு வான் ஒழுங்கு செய்தால், அது ஓர் இயந்திரத்தின் பயனை இரட்டிப்பாக்கும். அரசு சிறுநீரக நோயாளருக்கு மாதாந்தக் கொடுப்பனவு தருகிறது. நீண்ட நோய்க்கு மருந்தோடு கைப்பணமும் வேண்டும் என்று அது கொள்கையளவில் ஒப்புக்கொண்டுவிட்டது. புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் மாதங்களுக்காவது அதே கொள்கையை நீட்டும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கோரலாம். கண்டி மாவட்டத்தில் கடந்த ஆண்டு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களுக்கு, முதல் கிளினிக் நாளிலிருந்து பயாப்சி அறிக்கை வர எத்தனை நாள், சிகிச்சை தொடங்க எத்தனை நாள் ஆனது என்று சுகாதார அமைச்சிடமும் மத்திய மாகாணச் சுகாதாரத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேளுங்கள். அப்படியொரு பதிவு வைக்கப்படவில்லை என்று பதில் வந்தால், இந்த ஆண்டிலிருந்து வைக்கும்படி கேட்டு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.